இடவலம்

கல்லச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும்.
தாளில் வலக்கை வேண்டுமென்றால்
கல்லில் இடக்கை வரைய வேண்டும்.
ஓட்மார் க்ரீஸ்பாக்குக்கு அது பழகியிருந்தது.
நான் அவருக்கு மை உருட்டியவன்,
காசல் நகரில், ஃபுல்டா ஆற்றுக்கு முதுகு காட்டிய அச்சுக்கூடத்தில்.

முதல் போரில் அவர் வரைந்தது வெர்டனில்,
நனைந்த நோட்டில், கரித்துண்டால்.
சேறு.
சேற்றில் ஒரு பூட்ஸ்,
உள்ளே கால் இருக்கிறதா என்று சொல்லாத கோடு.
முப்பத்தேழாம் பக்கம் ஃபைட் லோமுல்லர், பத்தொன்பது வயது.
திறந்த வாய். அதில் மழை நிரம்பியிருந்தது.
இடது காதில் ஒரு வெட்டு.
ஐந்து வயதில் வாத்து கடித்ததாம்;
முந்தின இரவு சூப்புக் குவளையில் கை காய்ந்தபடி
சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அந்த நோட்டை யாரும் வாங்கவில்லை.
ஒரு ரொட்டி கோடிக்கணக்கில் விற்ற வருஷம்
பக்கங்களின் பின்புறம்
அவர் மனைவி ஓட்டிலி கடன் கணக்கு எழுதினாள்.
(பால்காரனுக்குத் தரவேண்டியது
பூட்ஸுக்கு நேர் பின்னால்.)

முப்பத்தெட்டில் பெர்லினிலிருந்து ஒருவர் வந்தார்.
கையுறையைக் கழற்றாமலே பக்கம் புரட்டினார்.
"இவன் பாடுகிறானா?"
ஓட்மார் ஜன்னல் பக்கம் திரும்பினார்.
அங்கே பார்க்க ஒன்றுமில்லை, கரிக்கிடங்கின் சுவர்.
"ஆமாம், பாடுகிறான்."
செத்தவனை ஒரே சொல்லில் எழுப்பியதை
அதுவரை நான் தேவாலயத்தில்தான் கேட்டிருந்தேன்.

நான்கு வண்ணம். சேறு இருந்த இடத்தில் விடியல்.
மழை வழிந்த கழுத்தில் புதிய காலர்.
பன்னிரண்டாயிரம் பிரதி.
ரயில் நிலையம், பள்ளிக்கூடம், தெருமுனைத் தூண்,
எங்கும் ஃபைட் வாய் திறந்து நின்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் அக்கா வந்தாள்,
வால்புர்கா, சலவைக்கூடத்துச் சிவந்த கைகள்.
"காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
என்ன செய்கிறான் இவன்?"
"பாடுகிறான், அம்மா."
அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.
"அவனுக்குப் பாடவே வராது.
பாதிரியார் வரிசையிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவார்."
அப்புறம் ஒரு பிரதி கேட்டாள். கொடுத்தோம்.
காசு வாங்கவில்லை. அதை இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்,
காசு வாங்காததை.

இரண்டாம் பதிப்புக்கு ஒரு திருத்தம் வந்தது:
காது முழுதாக இருக்க வேண்டும்.
ஓட்மாருக்கு அன்று கை நடுங்கியது, அல்லது
நடுங்குவதாகச் சொன்னார்.
கொழுப்புப் பென்சிலை என்னிடம் நீட்டினார்.
கல்லில் அது வலது காது.
வாத்து கடித்த இடத்தை
இரண்டே கோட்டில் நான் மூடினேன்.
ஒரு காதை அடைத்து
ஊருக்கே காது குத்தினோம்.

அதற்குப் பிறகு வால்புர்கா
தூணைக் கடந்து பால் வாங்கப் போவதைப் பார்த்திருக்கிறேன்.
திரும்பவே இல்லை. யாரோ ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.
அவள் மகன் ஆர்ண்ட் நாற்பத்திரண்டில் போனான்.
சுவரொட்டியாலா? தெரியாது.
எப்படியும் ஆணை வந்திருக்கும்.
எப்படியும் வந்திருக்கும் என்று
இன்று காலை சவரம் செய்யும்போதும் சொல்லிக்கொண்டேன்.

தோற்ற பிறகு நூற்றுச் சொச்சம் கேள்விகள் கொண்ட படிவம்.
அதில் வாத்து பற்றி ஒன்றுமில்லை.
கூட்டத்தோடு போனவர் என்று முத்திரை குத்தி
சிறு அபராதத்தோடு விட்டார்கள்.
ஓட்மார் பாலாடைக்கட்டிப் பெட்டிகளுக்குப் பசு வரைந்தார்,
எல்லாம் வாய் மூடிய பசுக்கள்.
ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் இறந்தார்.
நாளிதழ் "இயற்கைக் காட்சி ஓவியர்" என்றது.
எழுத்தைக் கோத்தவன் என் மைத்துனன்.

நல்ல கல்லை யாரும் எறிவதில்லை.
மணல் போட்டுத் தேய்த்தால் பழைய படம் போய்விடும்,
அடுத்ததற்கு இடம் வரும்.
பசு வந்தது அதே கல்லில்தான்.
மூன்று தடவை தேய்த்தேன். மூன்றாம் தடவை விரல் கிழிந்தது.
ஆனாலும் ஈரமான நாட்களில்
புல்வெளிக்கு நடுவே
ஒரு வட்டம் மட்டும் மை வாங்கும்.

குட்டை என்றார் முதலாளி.
குட்டையாகவே விட்டுவிடு, அழகாக இருக்கிறது.
விட்டுவிட்டேன்.